எதிரில் வந்து உட்காருகிறவர்



பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறான இன்று, லூக்கா நமக்கு ஒரு மாலை நேரத்துச் சாப்பாட்டைக் காட்டுகிறார். நம்பியிருந்ததெல்லாம் எருசலேமில் முடிந்துபோயிற்று என்று எண்ணிய இரண்டு பேர் எம்மாவு ஊருக்கு நடக்கிறார்கள். ஒருவர் பெயர் கிளயோப்பா. மற்றவர் பெயரை லூக்கா சொல்லவில்லை. நம் கணக்கில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நடை. வழியில் முன்பின் தெரியாத ஒருவர் கூடச் சேர்ந்துகொள்கிறார். மோசேயில் தொடங்கி இறைவாக்கினர்கள் வரை எடுத்து விளக்கிக்கொண்டே வருகிறார். கேட்டவர்களின் உள்ளம் சூடாகிறது, ஆனாலும் ஆள் யாரென்று தெரியவில்லை. பொழுது சாய்கிறது. அவர் மேலே நடக்கப் பார்க்கிறார். இவர்கள் விடாமல் வற்புறுத்தி உள்ளே அழைக்கிறார்கள். பந்தியில் அமர்ந்து அவர் அப்பத்தைப் பிட்ட நொடியில்தான் கண் திறக்கிறது, வந்தவர் இயேசு என்று தெரிகிறது.

மறையுரை சொல்லும் பணியில் இருக்கிற எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் உறைக்கிறது. இயேசுவே நேரில் ஆற்றிய மறையுரையிலும் அவர்களுக்குக் கண் திறக்கவில்லை. சாப்பாட்டில் திறந்தது. அதுவும் ஏற்பாடு எதுவும் இல்லாத சாப்பாடு. நடந்து களைத்த மூன்று பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். தெரியாத மனிதர்தானே, போகட்டும் என்று அவர்கள் விட்டிருந்தால் அன்றைக்கு ஆண்டவர் அவர்களைக் கடந்து போயிருப்பார்.

அதனால் இன்று உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் ராஜா அண்ணாமலைபுரத்தில் முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட எங்கே இடம் மிச்சமிருக்கிறது? இந்தப் பகுதிக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் குடும்பத்தின் மாளிகை இங்கே இருக்கிறது. கிரீன்வேஸ் சாலையில் அமைச்சர்களும் நீதிபதிகளும் குடியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் கிழக்கே போனால் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் மீனவர் வீடுகள். பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போவதில்லை. காய்ச்சல் வந்தால் ஒரே மருத்துவமனைக்கும் போவதில்லை. இந்த எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கிற இடங்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று சின்னச் சாப்பாட்டுக் கடை.

மயிலாப்பூர் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை என்று ஒன்று உண்டு. பழைய வீட்டின் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இட்லியும் பொங்கலும் வடையும் வெளியே வரும். வாங்கியவர்கள் தெருவிலேயே நின்று சாப்பிடுவார்கள். ஆட்டோ ஓட்டுநரும் ஆடிட்டரும் ஒரே சாம்பார் வாளியைப் பார்த்து நிற்பார்கள். அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸில் இடம் சிறியது, காலையில் காத்திருந்துதான் உட்கார வேண்டும். பக்கத்தில் யார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். மந்தைவெளிப் பக்கம் சாயங்காலம் நிற்கிற கையேந்தி பவன்களை உங்களுக்கே தெரியும். இப்படிப்பட்ட இடங்களில்தான், “இங்க ஆள் வருதா?” என்று கேட்டுவிட்டு, தெரியாத மனிதர் ஒருவர் நம் எதிரில் வந்து உட்காருகிறார். இந்தக் கேள்விக்கு நாம் சொல்கிற பதிலை எம்மாவு நற்செய்தியோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்படி ஒரே மேசையில் உட்காருவது எளிதாகக் கிடைத்த உரிமை இல்லை, அன்பர்களே. இன்றைய இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்க்குத் தனி இடம் என்ற வழக்கம் 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். நாள்தோறும் ஆட்கள் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல காலம் நீடித்தது. சில இடங்களில் பெயர் மாறி இன்னும் இருக்கிறது. ஒரே மேசை, ஒரே டம்ளர் என்ற நிலைக்காக நம் ஊரில் மனிதர்கள் சிறை சென்றிருக்கிறார்கள். அவர்களில் பலர் கடவுளை நம்பாதவர்கள். திருவிருந்தை நம்புகிற நாம் அந்த நாள்களில் என்ன செய்துகொண்டிருந்தோம்?

பதில் சொல்லக் கடினமான கேள்வி. வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் நம் கத்தோலிக்கர்கள் கட்டிய ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் இருந்தன. ஒரு சாதிக்கு ஒரு கூடம். நடுவில் தடுப்பு. ஆண்டவரின் ஒரே உடலை உண்ண வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே உண்டு திரும்ப வசதியான கட்டடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது சிலர் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தது. தனி உரிமை கேட்டவர்களின் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சுவர் நிற்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இதைப் பீடத்தில் நின்று சொல்லத் தயங்கினால் எம்மாவுவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

திருச்சபையின் முதல் பெரிய சண்டைகளில் ஒன்று சாப்பாட்டு மேசையில்தான் வெடித்தது. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு சேர்ந்து உண்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆள்கள் சிலர் வந்ததும் பயந்து மெல்ல விலகினார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள், பர்னபா உட்பட. பவுல் சும்மா இருக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் பேதுருவை எதிர்த்துக் கேட்டார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுந்து வேறு இடத்துக்குப் போனார், அவ்வளவே. பவுலுக்கு அது நற்செய்தியின் உண்மைக்கே எதிரானதாகத் தெரிந்தது. கொரிந்தில் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்தார்கள். வேலை முடித்துப் பசியோடு வந்த ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நீங்கள் கூடி உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்னும் பொருள்பட அவர்களுக்கும் எழுதினார்.

தெரியாதவரோடு மேசையைப் பகிர்வது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. சென்ற வாரம் இளையோர் கூட்டத்துக்குச் சிலர் கையில் பெரிய உறிஞ்சுகுழல் செருகிய பபிள் டீயோடு வந்தார்கள். தைவானில் 1980களில் உருவான பானம் அது. அந்த நாட்டின் சின்னச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி அவர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். தெருவோரம் முதுகில்லாத முக்காலிகள், மேசை நடுவில் பொதுவாக வைத்த சாப்பாட்டுக் குச்சிகள், இடமில்லாவிட்டால் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம். தைவானின் அடையாளமாக இன்று சொல்லப்படும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப், 1949இல் உள்நாட்டுப் போரில் தோற்றுச் சீனாவிலிருந்து வந்து சேர்ந்த படைவீரர் குடும்பங்களின் குடியிருப்புகளில் பிறந்தது என்பார்கள். ஊரை இழந்தவர்கள், திரும்பிப் போக வழியில்லாதவர்கள். நினைவில் இருந்த ருசியைப் புது ஊரில் கிடைத்த பொருளில் சமைத்து விற்றுப் பிழைத்தார்கள்.

நம் சென்னைக்கும் அப்படியொரு கதை இருக்கிறது. பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்தபின், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் லட்சக்கணக்கில் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறினார்கள். அவர்களில் சிலர் பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ பிசைந்து விற்றார்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், கூடவே வாழைத்தண்டு சூப். மொய்ங்கா விற்றார்கள். இன்று நம் பிள்ளைகள் அதைச் சென்னைச் சாப்பாடாகவே நினைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தத் தட்டை நீட்டிய கை எதை இழந்துவிட்டு இங்கே வந்தது என்பது மறந்துபோகக் கூடாது. எம்மாவுச் சீடர்களும் அந்த வழிப்போக்கரை, எருசலேமில் நடந்தது எதுவும் தெரியாத அந்நியர் என்றுதான் எண்ணினார்கள்.

இடம்பெயர்ந்தவர்களைத் தேடிக் கடல் கடந்து போகவும் வேண்டாம். 2022 மே மாதம், இதே ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகர் வீடுகள் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டன. அதைத் தாங்காமல் பெரியவர் ஒருவர் தன் உடலில் தீ வைத்துக்கொண்டு இறந்தார். அங்கே இருந்தவர்கள்தாம் நம் அடுக்ககங்களில் பாத்திரம் தேய்த்தார்கள், ஆட்டோ ஓட்டினார்கள், காலையில் இட்லிக் கடை போட்டார்கள். அவர்கள் கையால் உண்டோம். அவர்களில் யாராவது ஒருவரையாவது நம் வீட்டு மேசையில் உட்காரவைத்து நம் கையால் பரிமாறியிருக்கிறோமா?

இப்படி நமக்குச் சமைத்துத் தருகிறவர்களை நினைக்கும்போது ஓர் ஓவியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் இளைஞராக இருந்தபோது, 1618 வாக்கில் வரைந்தது. இப்போது அயர்லாந்தில் டப்ளின் நகரில் இருக்கிறது. சமையலறையில் கறுத்த நிறப் பணிப்பெண் ஒருத்தி பாத்திரங்களுக்கு நடுவே குனிந்து நிற்கிறாள். நீண்ட காலம் அவ்வளவுதான் படம் என்று எண்ணியிருந்தார்கள். 1933இல் சுத்தம் செய்தபோது, பின்சுவரில் ஒரு சின்னத் திறப்பும் அதன் வழியே ஒரு மேசையும் வெளிப்பட்டன. மேசையில் இயேசுவும் எம்மாவுச் சீடரும். அந்தப் பெண்ணின் தலை அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். சீடர்களுக்கு முன்பே குரலை அடையாளம் கண்டுவிட்டவள் அவள்தானோ என்று தோன்றும். எம்மாவில் அப்பம் சுட்டவர் யார் என்று லூக்கா எழுதவில்லை. வெலாஸ்கெஸ் அவளைப் படத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

நம் கடைகளின் பின்கட்டில் இன்று நிற்பவர்கள் யார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள். நம் சித்திரை வெயிலில் அடுப்பு முன்னால் நிற்கிறார்கள். நாம் காபி டபராவைத் தள்ளிவிட்டு எழுந்தபின் மேசை துடைக்கிறவரை ‘டேய்’ என்று கூப்பிடுகிற குரலை நான் கேட்கிறேன், அதே குரல் இங்கே வந்து ‘ஆமென்’ சொல்வதையும் கேட்கிறேன். அந்தத் தம்பிகளில் சிலர் நற்கருணை வாங்குகிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? ஞாயிறு காலையில்தான் கடையில் கூட்டம் அதிகம் என்பதால் அவர்களுக்குத் திருப்பலிக்கு வர விடுப்பு கிடைப்பதில்லை. நாம் திருப்பலி முடித்து நேராகப் பொங்கல் சாப்பிடப் போகிறோம். நமக்குப் பரிமாறுவதால் அவர்கள் திருப்பலி இழக்கிறார்கள். கடை வைத்திருக்கும் பங்கு மக்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். வாரம் ஒரு நேரம், முறை வைத்து, அவர்களை அனுப்புங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிறுத் திருப்பலிதான். அதைவிட வசதியான நேரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வைக்கிறேன்.

இன்னொன்று. தென் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அசனம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆலயத் திருவிழாவில் ஊரே ஒரு பந்தியில் அமர்ந்து உண்பது. நம் பங்கிலும் இந்த ஆண்டு திருவிழாவுக்கு அசனம் வைக்கலாம் என்று அன்பியப் பொறுப்பாளர்கள் கேட்டிருக்கிறார்கள். சரி என்றேன், ஒரே நிபந்தனையோடு. நன்கொடை கொடுத்தவர்களுக்கு, விருந்தினர்களுக்கு, குருக்களுக்கு என்று தனி அறையில் தனி மேசை கிடையாது. முதல் பந்தியில் சமையல் மாஸ்டரும் அவரோடு பாத்திரம் தூக்க வரும் தம்பிகளும், ஆலயம் கூட்டும் அம்மாவும், இந்தத் தெருக்களில் குப்பை எடுக்கும் மாநகராட்சித் தொழிலாளர்களும், கால்வாய் ஓரத்திலிருந்து போய்விட்ட குடும்பங்களில் நாம் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவர்களும் உட்காருவார்கள். இலை போடுவதும் பரிமாறுவதும் இலை எடுப்பதும் நாம். என் பெயரை இலை எடுக்கிறவர் பட்டியலில் எழுதியிருக்கிறேன். பட்டியல் பங்கு அலுவலக வாசலில் இருக்கிறது. கோவிந்தசாமி நகர் குடும்பங்கள் எங்கே குடியேறினார்கள் என்று தெரிந்தவர்கள், திருப்பலி முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.