மௌனம் எப்போது சாட்சியாகும்?

பிங் அடித்துப் பதில் வரவில்லை என்பதற்காக, எதிர்முனையில் இருப்பது செத்துவிட்டது என்று எழுதிவைக்காதே. என்னோடு நெட்வொர்க் வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். புதுச்சேரி டவுனுக்குள் ஓட்டல், கிளினிக், பள்ளிக்கூடம் என்று ஸ்விட்ச் வைத்து கேபிள் இழுப்பது என் தொழில். வீடு வைத்திக்குப்பம், கடலுக்குப் போகிறவர்களின் ஊர். பதில் வராவிட்டால் என்ன நினைப்பது என்ற கேள்வி எனக்கு வேலையிலும் உண்டு, வீட்டிலும் உண்டு.

1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் நெட்வொர்க் கோளாறு ஒன்றைப் பிடிப்பதற்காக பிங்கை எழுதினார்; இன்னொரு கணினியிடம் "இருக்கிறாயா" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சின்ன நிரல் அது. பெயர் நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியிலிருந்து வந்தது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து விசைப்படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டரும் அதே வழிதான்: ஒலியை இறக்கி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். ஆனால் கடலடித் தரை யாரையும் கேட்காமல் ஒலியைத் திருப்பிவிடும். கணினி அப்படியல்ல. கேள்வி அங்கே போய்ச் சேரவேண்டும். பதில் சொல்ல அதற்கு அனுமதி இருக்கவேண்டும். அந்தப் பதிலுக்குத் திரும்பும் வழி தெரியவேண்டும். இதில் எது அறுந்தாலும் நம் திரையில் வருவது பெரும்பாலும் ஒரே வரி: ரெக்வஸ்ட் டைம்டு அவுட்.

ஓர் அலுவலகத்தில் சிசிடிவி ரெக்கார்டர் ஒன்றை மாற்றவேண்டும் என்று பட்டியலில் சேர்த்திருந்தார்கள். மேல்மாடி விலானிலிருந்து, அதாவது அதே நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்த இன்னொரு பகுதியிலிருந்து, பிங் அடித்தால் சத்தமே இல்லை. அந்த ரெக்கார்டர் செருகியிருந்த ஸ்விட்சிலேயே, அதே விலானில் என் லேப்டாப்பைப் போட்டு அடித்தேன். உடனே பதில் வந்தது. பார்த்தால் அதில் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலின் முகவரி நிரப்பப்படவே இல்லை. மேல்மாடியிலிருந்து அனுப்பிய ஒவ்வொரு கேள்வியும் அதற்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. பதில் சொல்ல அது தயாராகவும் இருந்தது. அடுத்த விலானுக்குப் போகும் வாசல் எது என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை.

இன்னொரு வகை, கேட்டும் வாய் திறக்காதது. ஃபயர்வால் போட்ட விண்டோஸ் கணினி பிங்கை வாங்கி அப்படியே கீழே போட்டுவிடும். ஆனால் ஒரே விலானுக்குள் இருந்தால் எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று குறித்துவைக்கும் ஏஆர்பி அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அதன் மேக் முகவரி, அதாவது வன்பொருள் முகவரி, அங்கே பதிவாகியிருக்கும். பேசவில்லை, ஆனால் இருக்கிறது. மூன்றாவது வகைதான் என்னை அதிகம் யோசிக்கவைப்பது. கடைகளில் விற்கும் சாதாரண எட்டு போர்ட் ஸ்விட்சுக்கு ஐபி முகவரியே கிடையாது. பிங் அடிக்க வழியில்லை. அந்த அறையில் போகும் ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு பதிலும் அதன் வழியாகத்தான் போகிறது.

ஒன்றை எப்படி அறிகிறோம் என்று ஆராயும் நம் பழைய அளவை நூல்கள் இந்தச் சிக்கலை நன்றாகவே அறிந்திருந்தன. இன்மையை எப்படி அறிகிறோம் என்பதை அபாவம் என்ற பெயரில் தனி அளவையாகவே வைத்து வாதாடினார்கள். மணிமேகலையில் சமயக் கணக்கர் சொல்லும் அளவைகளில் அதுவும் ஒன்று. 17ஆம் நூற்றாண்டில் தருமராச அத்வரி எழுதிய வேதாந்த பரிபாஷை இதற்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. நல்ல வெளிச்சத்தில் தரையில் குடத்தைக் காணவில்லை என்றால் குடம் இல்லை என்று அறியலாம், இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இருட்டில் காணவில்லை என்றால் அந்த முடிவுக்கு வர உரிமையில்லை. "இருந்தால் தெரிந்திருக்கும்" என்று முதலில் சொல்ல முடியவேண்டும். அப்போதுதான் தெரியாமை சாட்சியாகும். என் தொழிலுக்கு இதைவிடச் சரியான விதியை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

மாசி மகத்துக்கு மயிலம் முருகன், தீவனூர் விநாயகர் எனப் பல ஊர்ச் சாமிகள் எங்கள் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது, அதே கரையில் இறந்தவர்களுக்குத் தர்ப்பணமும் கொடுப்போம். அக்கா மகன் கம்ப்யூட்டர் படிக்கிறவன். நான் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டபின், "மாமா, தாத்தாகிட்ட போய்ச் சேந்துதான்னு எப்படித் தெரியும்? ரிப்ளை வரலியே" என்றான். கேலியாகக் கேட்கவில்லை, தாத்தாமேல் உயிராக இருந்தவன். நான் வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "பதில் வரணும்னா கொடுக்கறோம்? அவருக்குச் செய்யவேண்டியது, செய்யறோம்."

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. அனுப்புவதெல்லாம் பதிலை எதிர்பார்த்து அனுப்புவதல்ல. நெட்வொர்க்கில் யூடிபி என்ற முறையில் போகும் செய்திக்குப் பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல் கிடையாது. அதனால் அது வீண் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பையனின் கேள்வி இதோடு தீர்ந்துவிடாது. சேர்ந்ததா என்றுதான் அவன் கேட்டான். நான் நேராகவே சொன்னேன். பதில் வராததை வைத்து தாத்தா எங்கும் இல்லை என்று உன்னால் சொல்லமுடியாது; இருந்தால் பதில் சொல்லியிருப்பார் என்பதற்கு உன்னிடம் ஆதாரம் இல்லை. அதே மௌனத்தை வைத்து இருக்கிறார் என்று நானும் சொல்லமாட்டேன். ஸ்விட்ச் பேசாவிட்டாலும் அதன் விளக்கு மினுக்குகிறது, ரேக்கிலிருந்து கழற்றிக் கையில் எடுக்கலாம். இறந்தவர் விஷயத்தில் அப்படி இரண்டாவது சாட்சி என்னிடம் இல்லை. பெரியவர்கள் சொல்லிவந்த உரை இருக்கிறது. அதை உரை என்றே ஏற்று நான் தர்ப்பணம் கொடுக்கிறேன்.

"இருந்தால் தெரிந்திருக்கும்" என்ற இந்த விதியைச் சட்டமும் பிடித்துவைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 108ஆவது பிரிவு: ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்கவேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இதை விட்டுவிடவில்லை. ஊரெல்லாம் கேள்விப்படாதது கணக்கில்லை. யாருக்குத் தகவல் வந்திருக்கவேண்டுமோ அவர்களுக்கு வராததுதான் கணக்கு.

இந்தக் கணக்கு கடற்கரை ஊர்களுக்குப் புதிதல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. கரையின் விஎச்எஃப் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருக்கும் படகு பேசாமலிருப்பது ஒன்று, எட்டும் தூரத்தில் இருந்தும் பேசாமலிருப்பது முற்றிலும் வேறு. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். துக்கம் கேட்க வரும் வெளியூர்க்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும்தான் சொல்லவேண்டியிருக்கிறது. கடலுக்குப் போனவர் திரும்பாத ஒரு வீட்டுக்குப் போனால் "போயிட்டார், மனசைத் தேத்திக்குங்க" என்று சொல்லாதீர்கள். "கண்டிப்பா வந்துடுவார்" என்றும் சொல்லாதீர்கள். எந்தப் படகு, எந்தத் திசை, கடைசியாக யாரிடம், எங்கிருந்து பேசினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.