டீப்ஃபேக் வீடியோவும் நான்கு சாட்சிகளும்



பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்தது. அதைத் தேடிப் போன இடத்தில் படையைத் தவறவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தமது ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார்கள். நடந்தது இவ்வளவுதான். அதை வைத்துக் கட்டிய கதை மதீனாவை ஒரு மாதம் உலுக்கியது. கட்டியவன் நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை. ஆனால் அதைப் பேசிப் பரப்பியவர்களில் பத்ரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்று மாலைகூடத் தொலைய வேண்டியதில்லை. முகம் தெரியும் ஒரு போட்டோ போதும். ஏஐ அதை வேறொரு உடலில் பொருத்தி ஆபாச வீடியோவாக்கித் தந்துவிடும். 2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டிப் பரப்பினார்கள். அவருக்காகப் பேச நாடே இருந்தது. நம் மஹல்லாவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இது நடந்தால் யார் பேசுவார்? அவள் படிப்பை நிறுத்துவார்கள், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். செய்தவன் சுற்றித் திரிவான், தண்டனை அவளுக்கு!

ஷரீஅத்தில், விபச்சாரக் குற்றம் சாட்டுபவர் நேரில் கண்ட நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் அவருக்கே 80 கசையடி. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் மூவர் சாட்சி சொல்லி, நான்காமவர் உறுதியாகச் சொல்லாததால் அந்த மூவரும் கசையடி பெற்றார்கள். மூன்று மனிதர்களின் கண்களே போதாது என்ற மார்க்கத்தில் வாட்ஸ்அப் வீடியோ எந்த மூலைக்கு?

"இது உண்மையான்னு பாருங்க பாய்" என்று கேட்டு அனுப்புகிறோம். கேள்வி மாதிரி இருந்தாலும் அதுவும் பரப்புவதுதான். நாட்டின் சட்டமும் விடுவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, இத்தகைய பாலியல் காட்சிகளை வெளியிட்டவரை மட்டுமல்ல, அனுப்பியவரையும் பிடிக்கும். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஃபஜ்ரு முடிந்ததும் ஃபார்வர்ட் செய்ய உட்காரும் நம் பெரியவர்கள் பலருக்கு இது தெரியாது.

பெற்றோர்களே! பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால் முதலில் அவளை நம்புங்கள். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வந்த எண்ணையும் லிங்க்கையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் ஜமாஅத் நிர்வாகிகள் உடன் வருவார்கள். தொழுகைக்குப் பின் என்னிடமும் சொல்லலாம். விஷயம் வெளியே போகாது.

நம் பெண்மக்களின் மானத்தை அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.