தாய்மையும் தோழமையும்

பிள்ளை பெறும் பெண்ணுக்குத் துணை நிற்பது அறம் என்பதை எவரும் மறுப்பதில்லை. எல்லோரும் ஒருமித்து ஒப்புக்கொள்ளும் அறங்களையே நாம் சற்று ஐயத்தோடு விசாரிக்க வேண்டியிருக்கிறது. அவற்றின் பெயரால் நடப்பவற்றை எவரும் உற்று நோக்குவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இலங்கையில் 1930களில், உயிருடன் பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் 2000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2019ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறக்குறைய 30 ஆகக் குறைந்துவிட்டது. 1926இல் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட சுகாதாரப் பிரிவும், வீடு வீடாக நடந்த மருத்துவமாதரும், இலவச வைத்தியசாலைகளும், பெண்களை எட்டிய இலவசக் கல்வியும் சேர்ந்து செய்த சாதனை இது. தனியாருடைய தருமசிந்தையால் வந்ததன்று. பொதுமக்களின் பணத்தால் வந்தது. பாட்டிமார் காலத்துப் பேறுகாலத்தை ஏக்கத்தோடு புகழும் வழக்கமொன்று இப்பொழுது தலைதூக்கியிருப்பதால் இதனை வற்புறுத்த வேண்டியுள்ளது.

அந்தப் பழைய நாளில் யாழ்ப்பாணத்துக் கிராமத்தின் மருத்துவிச்சி யார்? பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியொன்றிற் பிறந்தவள். குழந்தையை முதன்முதல் ஏந்தியது அவளுடைய கை. துடக்குக் கழிந்ததும் அதே கை தீண்டத்தகாததாயிற்று. நெல்லும் பழஞ்சேலையும் பெற்றுக்கொண்டு அவள் கொல்லைப்புறத்தால் வெளியேறினாள். அவளுடைய அறிவை அந்த வீடு பயன்படுத்திக்கொண்டது; அவளோடு சமமாக அமர்ந்து பேசவில்லை. அவள் பிள்ளை பெற்றபோது அவளுக்குத் துணையாய் இருந்தவர் யார் என்று அந்த வீட்டில் எவரும் கேட்டிருப்பாரா? இதனைத் தோழமை என்று அழைப்பதற்கு நமக்கு நா எழவில்லை.

சரி, வீட்டுக்குள்ளேயே பார்ப்போம். முதற்பிள்ளையைப் பெற்று, பால் கட்டிக் காய்ச்சலாகி, மூன்று இரவாக உறக்கமின்றி, இன்னதென்று சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டிருக்கும் இளம்பெண்ணிடம் மாமியார் சொல்கிறார்: “நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா?” இதே வாக்கியத்தை அயல்வீட்டுக்காரி வந்து பாயோரத்தில் அமர்ந்து, சரக்குத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொல்லவும் கூடும். சொற்கள் ஒன்றே. ஒன்று வாயை அடைக்கிறது. மற்றது வாயைத் திறக்கிறது.

வேறுபாடு எங்கேயிருந்து வருகிறது என்பதே நம்முடைய வினா. “மலடி அறிவாளோ பிள்ளைப்பேற்று நோவை” என்றொரு பழமொழி உண்டு. பிள்ளையற்ற பெண்ணைக் குத்துவதற்கென்றே வழங்கிவரும் இக்கொடிய மொழிக்குள் ஓர் அறிவுக்கொள்கையும் ஒளிந்திருக்கிறது. பட்டவரே அறிவர் என்பது அது. அதிற் பாதி உண்மை. பேற்றுநோவைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்த வைத்தியருக்கும் தெரியாத சிலவற்றை, போன மாதம் பிள்ளை பெற்ற பெண் அறிவாள். ஆயினும் பட்டவள் அறிவது தான் பட்டதை மாத்திரமே. தன் வலியை அளவுகோலாக்கி மற்றவளின் வலியை அவள் அளக்கத் தொடங்கும்போது அனுபவம் அதிகாரமாகிவிடுகிறது. ஆகவே, அனுபவம் மட்டும் துணையாகாது. இருவரும் எந்தத் தளத்தில் நின்று பேசுகிறார்கள் என்பதே முக்கியம்.

இதற்குச் சான்றாக, 1980இல் வெளியான ஆய்வொன்றைக் கூறலாம். குவாத்தமாலா நாட்டு வைத்தியசாலையொன்றில், பேற்று விடுதிக்கு வந்த முதற்பேற்றுப் பெண்களுள் சிலருக்கு மட்டும், முன்பின் அறியாத, மருத்துவப் பயிற்சி ஏதுமற்ற சாதாரணப் பெண்ணொருத்தி துணையாக விடப்பட்டாள். அவள் முதுகைத் தடவினாள், கையைப் பற்றினாள், பேச்சுக் கொடுத்தாள். வேறொன்றும் செய்யவில்லை. சிக்கலின்றிப் பெற்றவர்களை ஒப்பிட்டபோது, வைத்தியசாலைக்கு வந்தது முதல் குழந்தை பிறக்கும் வரை, துணையிருந்தவர்களுக்குச் சராசரி 8.8 மணி நேரமும், துணையற்றவர்களுக்கு 19.3 மணி நேரமும் சென்றன. ஆராயப்பட்டோர் தொகை சிறிது. எனினும் 2017இல், 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோதும் முடிவு அதே திசையிலேயே நின்றது. மறுநாண்டே, அதாவது 2018இல், பிரசவிக்கும் பெண் தான் விரும்பும் ஒருவரைத் துணையாகக் கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. குவாத்தமாலா ஆய்வில் தனித்து விடப்பட்ட பெண்களை எண்ணி நாம் மனம் நோகலாம். ஆனால் அவர்களைத் தனித்து விட்டது ஆய்வன்று. அங்கு அன்றாடம் நிலவிய விதியே அது. நம் நாட்டுப் பேற்று விடுதிகளிலும் துணையாளருக்கு இடமளிப்பது இன்றுவரை இடத்துக்கிடம் வேறுபடுகிறது.

கையைப் பற்றிக்கொள்வதோடு தோழமை முடிந்துவிடுகிறதா? நேபாளத்து மக்வான்பூர் மாவட்டத்து மலைக்கிராமப் பெண்கள் இதற்கு வேறொரு விடை தந்தனர். அங்கு 24 கிராமப் பகுதிகளில், 12இல் மட்டும் பெண்கள் குழுக்கள் இயங்கின. மாதம் ஒருமுறை கூட்டம். கூட்டத்தை நடத்தியவள் அவ்வூர்ப் பெண்ணே, மருத்துவமாது அல்லள். அவள் விரிவுரை ஆற்றவில்லை. படச்சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பேறுகாலத்தில் எது நேர்கிறது, நாம் என்ன செய்கிறோம், ஏன் அவ்வாறு செய்கிறோம் என்று எல்லோரும் பேசினர். பேசிப் பேசி அவர்கள் கண்டறிந்த நோய் உடம்பில் மட்டும் இருக்கவில்லை. பாதையிலும் இருந்தது, பணத்திலும் இருந்தது. ஆகவே சில குழுக்கள் பேறுகால நிதி திரட்டின. சில, நோவு கண்டவளைச் சுமந்து செல்லக் காவுபடுக்கை ஏற்பாடு செய்தன. வேறு சில, சுத்தமான கத்தியும் நூலும் அடங்கிய பேற்றுப் பொதிகளைத் தாமே தயாரித்து வழங்கின.

சுகாதார நிலையங்களைச் சீர்செய்யும் பணி இருபகுதிகளிலும் ஒன்றுபோலவே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குழுக்கள் இருந்தமையே வேறுபாடு. 2004இல் வெளியான முடிவின்படி, பிறந்து ஒரு மாதத்துள் இறந்த குழந்தைகள் குழுக்கள் இருந்த பகுதியில் ஆயிரத்துக்கு 26.2, இல்லாத பகுதியில் 36.9. அங்கே 2899 பிறப்புகளுக்கு 2 தாய்மார் இறந்தனர். இங்கே 3226 பிறப்புகளுக்கு 11 பேர். (தாய்மார் தொகை சிறிதாகையால் அதன்மேல் பெரிய மாளிகை கட்டுவது தகாது.) குழுக்கள் இருந்த பகுதியில் சுகாதார நிலையங்களை நாடிய பெண்களும் கூடுதலாயினர். தோழமை வைத்தியத்துக்கு மாற்றாக வரவில்லை. வைத்தியத்தைக் கேட்டுப் பெறும் துணிவாக வந்தது.

இவ்விடத்தில் முற்போக்காளர் ஒருவர் குறுக்கிட்டு, “பெண்கள் தமக்குத்தாமே உதவிக்கொள்ளட்டும் என்று சொல்லி அரசு தன் கையைக் கழுவிக்கொள்ளாதா?” என்று கேட்கக்கூடும். மிக நியாயமான அச்சம். செலவைக் குறைக்க விரும்பும் ஆட்சிகள் யாவும் பெண்ணின் கூலியற்ற உழைப்பைத் தியாகமென்று புகழ்ந்தே வாங்கியிருக்கின்றன. அதற்கு விடையும் அனுபவத்திலேயே உண்டு. வங்காளதேசத்தில் ஏறக்குறைய 1400 பேருக்கு ஒரு குழு என்ற அளவில் இதே முறையைக் கையாண்டபோது, பயன் யாதும் புலப்படவில்லை. 2010இல் அவ்வாறே அறிவித்தனர். பின்பு 309 பேருக்கு ஒரு குழுவென நெருக்கமாக அமைத்தபோது, பிறந்த மாதத்துள் இறந்த குழந்தைகள் நூற்றுக்கு 38 வீதம் குறைந்தமை 2013இல் வெளியாயிற்று. நல்லெண்ணம் இரண்டு தடவையும் ஒன்றே. குழுக்களின் தொகைதான் மாறிற்று. அத்தொகைக்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், பணம் வேண்டும். தோழமை மலிவான பண்டமென்று எண்ணுவோர் இக்கணக்கைப் பார்க்கட்டும்.

அத்தோடு நேரமும் வேண்டும். நம் மலையகத் தோட்டங்களில், காலையிற் பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்துக்கு ஓடும் தாய்மார் எந்த வேளையிற் கூடுவது? இரண்டு பிள்ளைகளுக்கு மேற்பட்டால் பேறுகால விடுமுறை பாதியாகும் என்ற விதியே 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் நீங்கிற்று. மூன்றாம் பிள்ளையைப் பெற்றவளின் உடம்பு பாதி நாட்களிலே தேறிவிடும் என்று அதுவரை சட்டம் கருதியிருக்க வேண்டும்! மாலையில் நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பியவளை, “கூட்டத்துக்கு வா” என்றழைப்பது, அவளுடைய வேலைநாளோடு இன்னுமொரு மணி நேரத்தைச் சேர்ப்பதாகும். வேலை நேரத்தில், சம்பளம் குறையாமல், மடுவத்து முற்றத்திலேயே கூட இடமளிப்பதென்றால் அது வேறு விடயம். அதனைத் தொழிற்சங்கங்கள் கேட்கலாம். சம்பள உயர்வையும் இதையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவது தகாதென்று நினைக்கும் சங்கத் தலைவர்கள், தம் சங்கத்தில் சந்தா கட்டுவோருட் பெண்கள் எத்தனை பேரென்று ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நன்று.

மக்வான்பூரிலும்கூட, கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 37 பேரே குழுக்களில் சேர்ந்தனர். மற்றவர்களை வயல் விடவில்லையோ, மாமியார் விடவில்லையோ, அழைத்தவளின் சாதி தடுத்ததோ! சில குழுக்கள், வந்தவர்களோடு மட்டும் பேசிக் கலையாமல், கருவுற்ற பெண்கள் இருந்த வீடுகளைத் தேடிச் சென்றன.