அறுந்த இழையும் அமானிதமும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடப்பவருக்குத் தறியோசை புதிதன்று. ஆனால் அவ்வோசை இடையிடையே நின்று போவதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தறி நின்றால் நெசவாளர் இளைப்பாறுகிறார் என்று எண்ணிக் கடந்து விடுகிறோம். பல வேளைகளில் அவருடைய நுட்பமான வேலை அப்பொழுதுதான் நடக்கிறது. பாவில் ஓர் இழை அறுந்திருக்கும். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அந்த ஒன்றைக் கண்டுபிடித்து, விழுதிலும் அச்சிலும் அதனதன் வழியே மீண்டும் கோத்து, விரல் நுனியால் முறுக்கிப் பிணைத்த பின்னரே அடுத்த ஊடை ஓடும்.

ஒரு முதியவரின் தறியருகே அமர்ந்திருந்தபோது, "ஓர் இழைதானே, விட்டுவிட்டு நெய்தால் என்ன?" என்று அறியாமையால் கேட்டு விட்டேன். அவர் சிரித்தார். "விட்டுட்டு நெய்யலாம் பாய். இன்னைக்கு யாருக்கும் தெரியாது. ஆனா அந்தக் கோடு சேலை முழுக்க ஓடிக்கிட்டே வரும். பிணைச்சது கண்ணுக்குத் தெரியக் கூடாது, அறுந்ததை மூடி மறைக்கவும் கூடாது" என்றார்.

பழுது பார்ப்போரின் அறம் முழுவதும் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது. அதைப் பின்னர் மீண்டும் நினைவூட்டியது கணிப்பொறித் துறை. பட்டுத் தறிக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். உறவு உண்டு. காஞ்சித் தறிகளின் மேலே தொங்கும் துளையிட்ட அட்டைகள் பிரெஞ்சு நாட்டு ஜோசப் மரீ ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் உருவாக்கிய முறையைச் சேர்ந்தவை. துளை இருந்தால் இழை உயரும், இல்லையேல் உயராது. அவ்வாறே துளையிட்ட அட்டைகளைக் கொண்டுதான் அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹொலரித்தின் பொறிகள் எண்ணி முடித்தன. பெருந்தொகையான பதிவுகளைப் பொறியிடம் ஒப்படைக்கும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. அதன் இன்றைய வடிவமே தரவுத்தள வழங்கி எனப்படுவது.

தரவுத்தள வழங்கி என்பது ஓயாது விழித்திருக்கும் ஒரு கணக்கப்பிள்ளை. நாம் ஒரு செய்தியைக் கொடுத்தால் அதை எழுதி வைத்துக்கொண்டு, 'பதிந்து விட்டேன்' என்று மறுமொழி சொல்லும். பின்னொரு நாள் கேட்டால் பிசகாமல் எடுத்துத் தரும். இத்தகைய மென்பொருள்களுள் சில எவரும் விலையின்றிப் பெறத் தக்கவை. அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். போஸ்ட்கிரஸ் அவற்றுள் ஒன்று. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் அது தொடங்கியது. பல்கலைக்கழகம் அப்பணியை முடித்துக்கொண்ட பின்னர், 1996 முதல் போஸ்ட்கிரஸ்கியூஎல் என்ற பெயரில் பல நாட்டு ஆர்வலர்கள் அதைப் பேணி வருகிறார்கள். எந்த நிறுவனத்துக்கும் அது உடைமையன்று.

தொடங்கியவருக்குக் கணினித் துறையின் உயரிய விருதாகிய டூரிங் விருது 2014ஆம் ஆண்டுக்கு வழங்கப்பெற்றது. அது தகுதிக்குரிய சிறப்பே. ஆனால் முப்பதாண்டுகளாக ஒவ்வொரு பிழையாகத் தேடித் திருத்திக்கொண்டிருப்பவர்களை யார் அறிவார்? மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் திருத்தங்களைத் தொகுத்து வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு பெரும் பதிப்பையும் ஐந்தாண்டுக் காலம் கைவிடாமல் காக்கிறார்கள். படைப்பவரைப் போற்றும் உலகம் பேணுபவரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பேணுதல் படைத்தலினும் தாழ்ந்த பணிதானா? இக்கேள்விக்கு விடை தேட, 2018இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

வழங்கி எழுதும் எழுத்து நேரே வட்டில் பதிவதில்லை. இயங்குதளம் அதை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு வட்டில் எழுதும். ஆகவே வழங்கி, 'உண்மையிலேயே வட்டில் சேர்த்து விட்டாயா?' என்று இயங்குதளத்தைக் கேட்கும். 'சேரவில்லை' என்று பதில் வந்தால் மறுமுறையும் கேட்கும். 'சேர்த்து விட்டேன்' என்ற பதில் வந்ததும் அமைதி கொள்ளும். இருபதாண்டுகள் இவ்வாறே நடந்து வந்தது. 2018 மார்ச்சில் கிரெய்க் ரிங்கர் என்னும் நிரலர் ஒரு திடுக்கிடும் உண்மையை வெளிப்படுத்தினார். லினக்ஸ் இயங்குதளத்தில் எழுத்து ஒருமுறை தோல்வியுற்றால், அத்தோல்வியை ஒருமுறை தெரிவித்துவிட்டு, எழுதப்படாத பக்கத்தையே எழுதி முடித்ததாக அது குறித்துக்கொள்ளக் கூடும். இரண்டாம் முறை கேட்டால் 'வெற்றி' என்றே பதில் வரும். வட்டில் எதுவும் சேர்ந்திராது. சேர்ந்ததாக வழங்கி நம்பிக்கொண்டிருக்கும்.

இத்தவறு நேர்வது அரிது. வட்டு பழுதாகும் வேளையில்தான் நேரும். 'இருபதாண்டுகள் எவரும் கேட்கவில்லை. இனியும் கேட்கப் போவதில்லை' என்று அவர்கள் மௌனமாக இருந்திருக்கலாம். 'பிழை எங்களுடையதன்று, இயங்குதளத்தினுடையது' என்று கைகழுவியும் இருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. உலகறிய அதை விவாதித்தார்கள். 2019 பிப்ரவரி 14 அன்று, தாங்கள் பேணி வந்த ஐந்து பதிப்புகளிலும் ஒரே நேரத்தில் திருத்தத்தை வெளியிட்டார்கள். அத்திருத்தத்தின் தன்மைதான் சிந்தனைக்குரியது. வட்டில் சேர்க்க இயலவில்லை என்ற பதில் ஒருமுறை வந்து விட்டால், வழங்கி இனி மறுமுறை கேட்காது. அக்கணமே தன் இயக்கத்தை நிறுத்திவிடும். பிறகு, எந்த மாற்றத்தையும் செய்யுமுன் எழுதி வைக்கும் தன் முன்பதிவேட்டை எடுத்து, அதிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் எழுதித் தொடங்கும்.

இழை அறுந்தால் தறியை நிறுத்து என்று அந்த நெசவாளர் சொன்னாரே, அதுவேதான் இது.

நிறுத்துவது பயனாளிக்குத் துன்பமல்லவா என்று கேட்பவர் உண்டு. துன்பந்தான். ஆனால் இரு துன்பங்களை நிறுத்துப் பார்க்க வேண்டும். நின்று போன கணக்கப்பிள்ளையால் வரும் துன்பம் கண்ணுக்குத் தெரியும். சில நிமிடங்களில் தீரும். 'எழுதி விட்டேன்' என்று சொல்லிக்கொண்டே எழுதாமல் விட்ட கணக்கப்பிள்ளையால் வரும் துன்பமோ, கடன் கொடுத்தவன் வழக்காட நிற்கும் நாளில்தான் வெளிப்படும். அன்று அதைத் தீர்க்க வழியிராது. திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். இரண்டாம் அத்தியாயத்தில் 282ஆவதாக அமைந்த அவ்வசனம் எழுதுபவனுக்கு நீதியைக் கடமையாக்குகிறது. கடனில் எதையும் குறைத்து விடலாகாது என்று எச்சரிக்கிறது. நம்பகமான பதிவு சமுதாய வாழ்வின் அடித்தளம் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. இவர்கள் இதை இலவசமாகக் கொடுத்தவர்கள். 'எந்த உத்தரவாதமும் இல்லை. இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்லர்' என்று தங்கள் உரிமப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தருமமாகக் கொடுத்த பொருளில் குறை கண்டால் கொடுத்தவனைக் கேட்பது முறையா? திருத்தித் தருவது அவனுடைய கடமைதானா?

நமது ஃபிக்ஹு நூல்கள் இதற்கு அழகிய விளக்கம் தருகின்றன. கூலியின்றிப் பிறர் பொருளைப் பாதுகாப்பவன், தன் கவனக்குறைவாலன்றி அப்பொருள் அழிந்தால் ஈடு கொடுக்க வேண்டியவன் அல்லன். உரிமப் பத்திரம் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் ஈடு கொடுக்க வேண்டாம் என்பது ஒன்று. அழிந்ததை மறைக்கலாம் என்பது வேறொன்று. முன்னதற்குச் சட்டம் விலக்களிக்கிறது. பின்னதற்கு எந்தப் பத்திரமும் விலக்களிக்க முடியாது. நயவஞ்சகத்தின் அடையாளங்களாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியவற்றுள் பொய்யும் அமானித மோசடியும் சேர்ந்து இடம் பெற்றிருப்பது தற்செயலன்று. மோசடி பெரும்பாலும் 'எல்லாம் பத்திரமாக இருக்கிறது' என்ற சிறு பொய்யில்தான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் கருத வேண்டும். இம்மென்பொருளைப் பயன்படுத்துவோர் எல்லாரும் நன்றியுடையவர்கள் அல்லர். பெருஞ்செல்வம் ஈட்டும் நிறுவனங்கள் ஒரு காசும் கொடாமல் பயன்படுத்துவதுண்டு. குறை கூறவும் அவை தயங்குவதில்லை. அவர்களுக்கும் சேர்த்தே திருத்த வேண்டுமா? நபித்துவத்துக்கு முன்பே 'அல்அமீன்' என்று போற்றப்பெற்ற நாயகம் (ஸல்) அவர்கள், 622இல் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவை எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் அமானிதப் பொருள்களை வைத்திருந்த மக்கத்து மக்களிடையேதான் அவர்களைக் கொல்லச் சதி நடந்தது. ஆயினும் அப்பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களைப் பின்னே நிறுத்திவிட்டே சென்றார்கள். அமானிதம் என்பது ஏற்றவனின் குணத்தைப் பொறுத்தது. கொடுத்தவனின் தகுதியைப் பொறுத்ததன்று.

பேணுவோரின் கடமையை இதுகாறும் பேசினோம். அவர்கள்பால் நமக்குள்ள கடமையைப் பேசாமல் விட்டால் நீதியாகாது. ஒரு பள்ளிவாசலையோ கிணற்றையோ வக்ஃபு செய்தவர் மறைந்து விடுகிறார், முத்தவல்லி காக்கிறார். வக்ஃபின் வருவாயிலிருந்து முதலில் செய்ய வேண்டிய செலவு அதன் பராமரிப்பே என்றும், வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனையிடாவிடினும் அதுவே சட்டம் என்றும் ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் வகுத்துள்ளன. கட்டுவதற்கு ஆள் கிடைக்கும், காப்பதற்குக் கிடைக்காது என்ற மனித இயல்பை நம் இமாம்கள் எத்துணை நன்றாக அறிந்திருக்கிறார்கள்! கட்டற்ற மென்பொருளும் உலகுக்கு விடப்பட்ட ஒரு வக்ஃபு போன்றதே. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு மானியமும் இல்லை, வருவாயும் இல்லை.

அதனால் விளையும் கேட்டை 2024இல் உலகம் கண்டது. எக்ஸ்ஸெட் என்னும் சிறு மென்பொருள், கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவுவது. எண்ணற்ற கணிப்பொறிகளில் இருப்பது. நெடுங்காலம் ஏறத்தாழ ஒருவரே அதைத் தம் ஓய்வு நேரத்தில் பேணி வந்தார். 'ஏன் இத்தனை தாமதம்?' என்று முகமறியாதோர் அவரை நெருக்கினர். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவ முன்வந்தார். ஈராண்டுகளுக்கு மேல் நல்லவராகப் பணிபுரிந்து நம்பிக்கையைப் பெற்றார். பின்னர் அதனுள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். அதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? போஸ்ட்கிரஸைப் பேணுவோரில் ஒருவராகிய ஆண்ட்ரெஸ் பிராயுண்ட். ஒரு கணிப்பொறியினுள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு, அந்த அரை விநாடியை அலட்சியம் செய்யாமல் தேடிச் சென்று, மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். பேரிடர் தவிர்க்கப்பட்டது. அறுந்த இழையைத் தேடிப் பழகிய கண் அது. எனினும், ஒருவரைத் தனியே சுமக்க விட்ட நம் எல்லாருடைய அலட்சியத்தின் வழியேதான் கள்வன் நுழைந்தான் என்பதையும் மறத்தலாகாது.

பேணுதல் ஊரின் பொதுக் கடமை என்பது இம்மண்ணுக்குப் புதிய பாடமன்று. காஞ்சி மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகளைப் பாருங்கள். குடவோலை முறைக்காக அவற்றைப் புகழ்கிறோம். அவ்வோலை எடுத்து அமர்த்தப்பெற்ற வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதை நினைவிற்கொள்வோமா? ஏரியைக் காப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தார்கள். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் தேர்வினின்று விலக்கினார்கள். பேணும் பணியையும் கணக்கில் உண்மையையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்று அதே காஞ்சியில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்ற பெயரில் ஆர்வலர்கள் கூடிக் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பேசியும் கற்பித்தும் வருகிறார்கள். நம் இளைஞர்கள் இத்தகைய பணிகளில் பங்குகொள்ள வேண்டும். எல்லாரும் நிரல் எழுத வேண்டுவதில்லை. கண்ட பிழையை மறைக்காமல், மிகைப்படுத்தாமல் தெரிவிப்பதும் உதவியே. விளக்கங்களைத் தமிழில் எழுதுவதும் உதவியே. இலவசமாகப் பயன் பெறும் வணிகர் தம் ஆதாயத்தில் ஒரு பகுதியைப் பேணுவோருக்கு ஒதுக்குவது உதவி மட்டுமன்று, நன்றிக்கடன். இறந்த பின்னும் நன்மை தொடரும் ஸதகத்துல் ஜாரியாவுக்குக் கிணற்றையும் மரத்தையும் மட்டுமே எடுத்துக்காட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

பேணுதல் தாழ்ந்த பணியா என்று கேட்டோம். அகில உலகுக்கும் அருட்கொடையாக வந்த நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள்; தம் ஆடையின் கிழிசலைத் தாமே ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கைகள் செய்த வேலையை நாம் எவ்வாறு தாழ்வென்று சொல்வோம்?

நெய்த சேலையை விரித்துப் பார்ப்பவருக்கு எத்தனை இழைகள் அறுந்தன, எத்தனை பிணைக்கப்பட்டன என்பது தெரியாது. நெய்தவருக்குத் தெரியும், அவரைப் படைத்தவனுக்குத் தெரியும். எவரும் காணாத இடத்திலும் உண்மையாக இருக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.