ஓர் உறுப்பு, இரண்டு சீட்டு

என் சித்தப்பா மகனுக்குப் பதினான்கு வயதில் வயிற்று வலி ஆரம்பித்தது. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும் வலி. முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். பூச்சி என்றார்கள், அல்சர் என்றார்கள், குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தார்கள். இருபத்திரண்டு வயதில் சுகர் என்று தெரிந்தபோது அந்தப் பழைய வலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு என்றே நினைத்திருந்தோம்.

இரண்டும் ஒன்றுதான் என்று ஓர் எக்ஸ்ரே சொன்னது. அதற்கு மேலும் ஐந்து வருஷம் ஆயிற்று. படத்தில் முதுகெலும்பின் குறுக்கே, விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில், கல் உப்பை அள்ளித் தெளித்தாற்போல் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. கணையத்தின் நாளத்துக்குள் படிந்த சுண்ணாம்புக் கற்கள்.

கணையம் வயிற்றுக்குப் பின்னால் சுமார் 15 செ.மீ. நீளத்தில் ஒடுங்கிக் கிடக்கும் உறுப்பு. எடை நூறு கிராமை ஒட்டி இருக்கும். அதில் மிகப் பெரும்பகுதிக்குச் செரிமான நீர் சுரப்பதே வேலை. இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். பள்ளிப் பாடத்தில் இந்த இரண்டு வேலையையும் தனித்தனிப் பத்தியாகப் படித்தோம். உள்ளே அப்படி வேலி எதுவும் இல்லை. திட்டுகளைத் தொட்டுவிட்டு வரும் இரத்தத்தில் ஒரு பகுதி அப்படியே பக்கத்துச் செரிமானச் செல்களுக்குப் போகிறது. அதில் நிறைந்திருக்கும் இன்சுலின் அந்தச் செல்களுக்கு ஊட்டம். சிறு வயதிலேயே இன்சுலின் நின்றுபோகும் முதல் வகைச் சர்க்கரை நோயில் முழுக் கணையமுமே சிறுத்திருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

சர்க்கரை நோயின் வரலாற்றிலும் இந்த இரண்டு வேலையும் பின்னிக்கொண்டே வருகின்றன. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். கொழுப்பு செரிப்பதற்குக் கணையம் வேண்டுமா என்ற பேச்சில் தொடங்கிய சோதனை அது. நாய்க்கு வந்ததோ சர்க்கரை நோய். 1920 அக்டோபர் கடைசியில் கனடாவில் பான்டிங் ஒரு மருத்துவக் கட்டுரையைப் படித்தார். மோசஸ் பாரன் எழுதியது. கணைய நாளத்தைக் கல் அடைத்துக்கொண்ட ஒருவரின் உடலில் செரிமானச் செல்கள் வாடிப்போயிருந்தும் திட்டுகள் பிழைத்திருந்ததை அதில் விவரித்திருந்தார். அன்றிரவு பான்டிங்குக்குத் தோன்றிய யோசனைதான் அடுத்த ஆண்டு டொராண்டோவில் இன்சுலினாக முடிந்தது. இன்று கோடிக்கணக்கானவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு ஒரு கணையக் கல் வழிகாட்டியிருக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்னும் நெஞ்சு நெகிழ்கிறது.

ஆனால் திட்டுகள் கடைசிவரை பிழைத்திருப்பதில்லை. வருஷக்கணக்கில் அழற்சி நீடித்தால் கணையம் நார் நாராக இறுகி, திட்டுகளையும் நெரித்துவிடுகிறது. குடிப்பழக்கமே இல்லாத, மெலிந்த இளம் வயதினருக்கு இப்படி வருவதை 1959இல் இந்தோனேசியாவிலிருந்து சூய்டெமா எழுதினார். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். சென்னையிலும் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கின் மேல் பழி போட்டார்கள், அது நிரூபணமாகவில்லை. கிழங்கே தின்னாதவர்களுக்கும் வருகிறது. பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் இதை ஊட்டக்குறைவால் வரும் சர்க்கரை நோய் என்ற தலைப்பில் வைத்தது. 1999இல் அந்தத் தலைப்பை நீக்கி, கணைய நோயால் வரும் சர்க்கரை நோய்களோடு சேர்த்தது. அதுதான் சரியான இடம்.

சரியான இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் வைத்தியமும் சரியாக அமையும். என் தம்பியிடம் அப்போது இரண்டு சீட்டு இருந்தது. சர்க்கரை மருத்துவர் எழுதியதில் சோற்றைக் குறை, எண்ணெயைக் குறை என்றிருந்தது. வயிற்று மருத்துவர் எழுதியதில் வலிக்கும் வாயுவுக்கும் மாத்திரை. அவனோ எலும்பும் தோலுமாக இருந்தான். கொழுப்பைச் செரிக்கும் நொதி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனபிறகுதான் மலத்தில் எண்ணெய் தெரிய ஆரம்பிக்கும் என்கிறார்கள். எண்ணெயே சேர்க்காமல் கஞ்சியும் துவையலுமாகச் சாப்பிடுகிறவரிடம் அப்போதும் தெரியாமல் போகலாம். கொழுப்பு சேராவிட்டால் அதோடு வரும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சேராது, எலும்பு நொய்ந்துபோகும். குடலில் உணவு சரியாகச் செரிந்தால்தான் அங்கிருந்து இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன்கள் சரியாகக் கிளம்பும். ஆக, செரிமானக் கோளாறே சர்க்கரையையும் கெடுக்கிறது.

எனக்கு மிகவும் பயம் தந்தது வேறொன்று. நாலு இட்லிக்குக் கணக்குப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொள்கிறோம். அந்த இட்லியில் எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சர்க்கரை சட்டென்று இறங்கும்போது தூக்கிவிட வேண்டியது குளுகோகான். அதுவும் அதே திட்டுகளில் சுரப்பதுதான், அதுவும் குறைந்துவிட்டது. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் சட்டையெல்லாம் வியர்வையாகச் சரிந்து கிடந்தவனைக் குடிகாரன் என்று நினைத்து ஆட்கள் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்.

குறைந்துபோன நொதிக்கு ஈடாகத் தரும் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் இன்னொன்று. சாப்பிட்டுக் கை கழுவியபின் போட்டால் அவ்வளவாகப் பயனில்லை. அது வேலை செய்யத் தொடங்கியதும் சாப்பிட்டது உடம்பில் சேரும், எடை ஏறும், கூடவே சர்க்கரையும் ஏறலாம். அதற்குத் தக்கபடி ஊசி அளவை மாற்ற வேண்டும். ஒருவர் கேப்சூலையும் இன்னொருவர் ஊசியையும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் எழுதினால் நடுவில் கிடந்து அல்லாடுவது நோயாளிதான்.

அந்த எக்ஸ்ரேயை எடுக்கச் சொன்னவர் வயதான ஒரு மருத்துவர். இரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிவிட்டு மூடிவைத்தார். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "தம்பி, வெளிக்குப் போனா ஒரு வாளித் தண்ணி ஊத்தினதும் போயிடுதா, இல்ல மிதக்குதா?" என்று கேட்டார். அவன் கூச்சத்தோடு தரையைப் பார்த்தான். கதவோரம் நின்ற சித்திதான் பதில் சொன்னார்: "பத்து வருஷமா மிதக்குது டாக்டர். எண்ணெய் படிஞ்சாப்புல இருக்கும். கழுவி விடுறதே நான்தான். யாரும் கேக்கலியே."