அருமை யாருக்கு உரியது?

தமிழில் ‘அருமை’ என்னும் சொல் இரண்டு பண்புகளைக் குறிக்கின்றது. எளிதிற் கிடைக்காத தன்மை ஒன்று. எளிதிற் செய்ய முடியாத தன்மை மற்றொன்று. கிடைத்தற்கு அரிய பொருளையும் அருமையானது என்கின்றோம். செய்தற்கு அரிய வேலைப்பாட்டையும் அருமையானது என்கின்றோம். ஒரே சொல்லால் வழங்குவதாலேயே இரண்டும் ஒன்றுதான் என்ற மயக்கம் நம்முள் எளிதிற் குடிகொண்டு விடுகின்றது. முன்னையது உடைமையைச் சார்ந்தது. பின்னையது உழைப்பைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டைத் தெளிந்து கொள்ளாதவரை, ஓர் அரும்பொருளின் முன் நின்று நாம் வியப்பது எதனை என்பது நமக்கே விளங்காது.

இதனை ஆராய்வதற்கு ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துக் கொள்வோம். ஹென்றி கிரேவ்ஸ் என்னும் நியூயோர்க் வங்கியாளர், வேறெவரிடமும் இல்லாத அளவு நுணுக்கங்கள் நிறைந்த கடிகாரம் ஒன்றைத் தமக்குச் செய்து தருமாறு 1925ஆம் ஆண்டில் ஜெனிவா நகரத்துப் படேக் பிலிப் நிறுவனத்தாரைக் கேட்டார். அது அவர் கைக்கு வந்து சேர்ந்தது 1933ஆம் ஆண்டிலாகும். 900க்கு மேற்பட்ட உறுப்புக்களும் 24 தனிச் செயல்களும் கொண்டது அது. மணி காட்டுவதோடு அமையாது, நியூயோர்க்கில் ஞாயிறு எழும் நேரத்தையும் மறையும் நேரத்தையும், திங்களின் வளர்வு தேய்வையும், அந்நகரத்து இரவு வானின் விண்மீன்களையும் அது காட்டுகின்றது. அதன் நாட்காட்டிப் பொறி 30 நாள் மாதத்தையும் 31 நாள் மாதத்தையும் பிரித்தறியும்; நான்காண்டுக்கு ஒருமுறை பெப்ரவரிக்கு ஒரு நாளைக் கூட்டிக் கொள்ளும். இடையறாது சாவி கொடுத்து வந்தால், 2100ஆம் ஆண்டு பெப்ரவரி முடியும்வரை திகதியைக் கையால் திருத்த வேண்டியதில்லை. இருளில் மணி அறிய விரும்பினால், மணியையும் கால்மணியையும் நிமிடத்தையும் வெவ்வேறு ஓசைகளால் ஒலித்துச் சொல்லும். கணிப்பொறி தோன்றாத காலத்தில், தாளிற் கணக்கிட்டு, அரத்தால் அராவி, செவியால் ஓசையைச் சரிபார்த்து ஆக்கிய வேலை இது. 1989ஆம் ஆண்டுவரை இதனினும் சிக்கலான கடிகாரம் உலகில் தோன்றவில்லை.

இதனைச் செய்தவர் யாவர்? 1867ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் றொகுதியில், வேலைப் பிரிவினையை விளக்கப் புகுந்த மார்க்ஸ் கடிகாரத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். வில்லைச் செய்வோர், முகத்தட்டைச் செய்வோர், முட்களைச் செய்வோர், திருகாணி செய்வோர், கல் பதிக்கத் துளையிடுவோர் என்று அவர் தரும் பட்டியல் மிக நீண்டது. ஒரு காலத்தில் தனியொரு கைவினைஞனின் படைப்பாக இருந்த கடிகாரம், பலரது கூட்டுழைப்பின் விளைவாக மாறியதை அவர் அங்கே காட்டுகின்றார். கிரேவ்ஸ் பெற்ற கடிகாரமும் அத்தகைய கூட்டுழைப்பின் விளைவே. ஆயினும் உலகம் அதனை அழைப்பது கிரேவ்ஸின் பெயரால். ஒரு பற்சக்கரத்தையேனும் அராவாதவரின் பெயர் நிலைத்துவிட்டது. அராவிய கைகளுக்கு உரியவரை அறிவோர் மிகச் சிலர்.

இனி, விலையைப் பார்ப்போம். கிரேவ்ஸ் கொடுத்தது 60,000 சுவிஸ் பிராங். அதை அவர் பெற்ற 1933ஆம் ஆண்டு, அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றித் தவித்த ஆண்டு என்பதை மறத்தலாகாது. பிற்காலத்தில் அக்கடிகாரம் இலினோய் மாநிலத்து ரொக்போர்ட் நகரில் இருந்த கால அருங்காட்சியகத்தைச் சேர்ந்து, பொதுமக்கள் கண்டு மகிழும் பொருளாயிற்று. 1999இல் அருங்காட்சியகம் மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே கடிகாரம் நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்து 1 கோடியே 10 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 2014இல் ஜெனிவாவில் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது, ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் டொலரை எட்டிற்று. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அதில் ஒரு திருகாணியேனும் புதிதாகச் சேரவில்லை. அப்படியாயின் இரு மடங்குக்கு மேலாக ஏறியது எதன் விலை? வேலைத்திறனின் விலையன்று, பிறரிடம் இல்லாத ஒன்று தன்னிடம் உண்டு என்னும் தனியுரிமையின் விலை அது.

செல்வந்தர் கேட்டிராவிடின் இத்தகைய கலை தோன்றியே இராது என்பார் உளர். வரலாறு இக்கூற்றுக்கு முழுதும் இடந்தரவில்லை. கடலிற் செல்லும் கப்பல் தன் தீர்க்கரேகையை அறியாது விபத்துக்கு உள்ளாகி வந்த காலத்தில், 1714ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் அதற்கு வழி காண்போருக்கு 20,000 பவுண் வரை பரிசளிக்கச் சட்டம் இயற்றியது. தச்சுத் தொழிலாளியாகிய ஜோன் ஹரிசன் பல்லாண்டு உழைத்து, 1759இல் தமது நான்காவது கடற்கடிகாரத்தை முடித்தார். பெரியதொரு சட்டைப்பைக் கடிகாரம் போன்ற அது, ஜமேக்கா நோக்கிய நெடும்பயணத்தில் வழுவியது சில வினாடிகளே. அந்தத் துல்லியத்தைப் பேரரசின் கப்பல்களும் தம் ஆதிக்கத்துக்குப் பயன்படுத்தின என்பது உண்மையே. எனினும், பொதுத் தேவையும் பொதுப் பணமும் தலைசிறந்த வேலைத்திறனை ஈன்றெடுக்க வல்லன என்பதற்கு அதுவே சான்று.

மறுபுறத்தே, நம்மைச் சார்ந்தோரிடம் காணப்படும் தவறொன்றையும் சுட்டுதல் கடன். செல்வரின் ஆடம்பரத்தை வெறுக்கும் வேகத்தில், அதிற் பொதிந்த திறனையும் வீண் என்று தள்ளிவிடுவோர் உளர். இது உழைப்பாளியை இரண்டாம் முறை வஞ்சிப்பதாகும்: அவனுடைய ஆக்கத்தை ஒருவர் கைக்கொண்டார், அவனுடைய பெருமையை மற்றவர் மறுக்கின்றார். 1872ஆம் ஆண்டில் யூரா மலைப்பகுதிக் கடிகாரத் தொழிலாளரிடையே சென்று தங்கிய குரோபோத்கின், அவர்களிடம் கண்ட சமத்துவ உணர்வும் தன்னிச்சையான சிந்தனையுமே தமது அரசியற் கருத்தை உறுதிப்படுத்தின என்று எழுதினார். சிறு பட்டறைகளில் வேலை செய்துகொண்டே உரையாடவும் வாதிடவும் அவர்களுக்கு வாய்ப்பிருந்தது. நுண்தொழில் அவர்களின் கைகளை மட்டுமன்றிச் சிந்தனையையும் கூர்மையாக்கிற்று எனலாம்.

2020ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்தும் பிரான்சும் முன்மொழிய, அந்த யூரா வட்டாரத்தின் கடிகாரக் கைவினையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ ஏற்றுக் கொண்டது. அங்கே பட்டியலிற் சேர்ந்தது கடிகாரமன்று. அதனைச் செய்யும் அறிவு. பொருள் ஒருவர் பெட்டகத்துள் அடங்கிவிடும். அறிவோ, ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவரும் இருக்கும் இடமெல்லாம் பெருகும். அது அரிதாகுமாயின் மதிப்பிழந்து போவது சமுதாயமே.

ஆதலின், அரும்பொருள் ஒன்றை மாணவருக்குக் காட்டும்போது, அது யாரிடம் இருந்தது, எவ்வளவுக்கு விலைபோயிற்று என்பவற்றுடன் நாம் நின்றுவிடலாகாது. அதனைச் செய்தவர் யார், எங்கே கற்றார், கற்றதை எவருக்குக் கொடுத்துச் சென்றார் என்றும் கேட்கக் கற்பிப்போமாக. அருமை என்னும் சொல்லின் மூத்த உரிமை செய்தவனுக்கே உண்டு.