உப்புப் போடும் பருவம்

வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு மரத்துக்குத் தெரியாது. பங்குனியில் முருங்கை காய்க்க ஆரம்பித்தால் கிளை ஒடிகிற அளவுக்குக் காய்க்கும். எலுமிச்சை பழுக்கத் தொடங்கினால் காலையில் பொறுக்கி முடித்த இடத்தில் மாலைக்குள் மறுபடி விழுந்து கிடக்கும். கொல்லையில் ஒரே ஒரு நார்த்தை இருந்தால் போதும், தெருவுக்கே காணும். சாம்பார், பொரியல், அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு பை என்று எப்படிச் செலவழித்தாலும் மிச்சம் இருக்கும். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் அதே கொல்லையில் ரசத்துக்குக் கறிவேப்பிலை தவிர ஒன்றும் இருக்காது.

சந்தையிலும் இதே கதைதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தக்காளி விலை சரிகிற பருவத்தில் பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறோம். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. கொட்டிக் கிடப்பதும் கிடைக்காமல் போவதும் ஒரே மண்ணில் மாறிமாறி வருகின்றன. ஒரு பருவத்தின் மிச்சத்தை இன்னொரு பருவத்தின் இல்லாமைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நம் வீடுகள் கண்ட வழிதான் ஊறுகாயும் வற்றலும் வடகமும்.

மாவடு போடுகிறவர்களிடம் பக்குவம் கேட்டுப் பாருங்கள். அளவைச் சொல்வதற்கு முன் பருவத்தைச் சொல்வார்கள். மாசிக் கடைசி, பங்குனி, அதற்குமேல் தள்ளக் கூடாது. கொட்டை முற்றாத வடுவாக, காம்போடு இருக்க வேண்டும். கீழே விழுந்து அடிபட்டது ஒன்று உள்ளே போனாலும் ஜாடி முழுவதும் கெடும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெயைப் பூசினாற்போலப் புரட்டி, கிலோவுக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் கல் உப்பும், அதோடு கடுகும் மிளகாயும் மஞ்சளும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், மறுநாளே அடியில் நீர் கட்டியிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நாம் ஊற்றுவதில்லை. வடு தன்னிடமிருந்த நீரை விட்டு, சுருங்கி, அந்த நீரிலேயே ஊறுகிறது.

உப்பு நீரை வெளியே இழுத்துவிடுவதால் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே பிழைக்க முடிவதில்லை. புளிப்பும் அப்படித்தான் காக்கிறது. பி.எச். அளவு 4.6-க்குக் கீழே போய்விட்டால் பொட்டுலினம் என்ற கொடிய நச்சுக் கிருமி வளராது. எலுமிச்சை, மாங்காய், புளி மூன்றும் இந்த எல்லைக்கு வெகு கீழே இருப்பவை. மோர் மிளகாயில் உப்பு, புளிப்பு, வெயில் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. கீறிய மிளகாய் இரவெல்லாம் உப்பு மோரில் கிடக்கிறது, பகலெல்லாம் வெயிலில் காய்கிறது, மோர் முழுக்க வற்றும்வரை இப்படியே போய் வருகிறது. யாழ்ப்பாணத்தில் பனம்பழம் விழுந்து குவிகிற காலத்தில் அதன் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு செய்கிறார்கள். எங்கும் விதி ஒன்றுதான்: பதமாக இருக்கும்போதே கைவைக்க வேண்டும். வாடிய காயில் எவ்வளவு உப்புப் போட்டாலும் அது ஊறுவதில்லை, அழுகத்தான் செய்கிறது.

இந்த விதியை நான் சமையற்கட்டோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் தங்கள் பிற்காலத்தைப் பற்றி யோசிக்கும்போது முதலில் நினைத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நம்புகிறேன்.

தமிழ்நாடு வேகமாக மூப்படைந்து வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021-க்கான மதிப்பீட்டில் அது 13.6 விழுக்காடு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டுக்கும் கீழே குறைந்துவிட்டது. ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், அவர்களும் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ. அது அவர்கள் குற்றமில்லை, நாம்தான் படிக்கவைத்து அனுப்பினோம். ஆனால் கூடத்தில் மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் முதுமை இனிப் பெரும்பாலோருக்கு இல்லை. பிற்காலத்துக்குத் திட்டமிடாமல் இருக்க முடியாது.

திட்டம் என்றதும் நமக்குத் தோன்றுவது பணம். பி.எஃப்., வைப்புத்தொகை, மருத்துவக் காப்பீடு. இவை வேண்டும். மாதாமாதம் வரும் முதியோர் உதவித்தொகையில் அரிசி, பருப்பு, மாத்திரை என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்குப் பணத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களிடம் போய்த் தோட்டம் போடுங்கள், ஊறுகாய் போடுங்கள் என்று உபதேசம் செய்வது நியாயமும் ஆகாது. ஆனால் ஓரளவு கையிருப்பு உள்ள குடும்பங்களிலும் முதுமை ஏன் இவ்வளவு வறண்டு போகிறது? வங்கிக் கணக்கில் போட முடியாத சிலவற்றைப் பதமாக இருந்தபோது நாம் காப்பாற்றி வைக்காததுதான் காரணம்.

முதலில் மண்ணை எடுத்துக்கொள்வோம். ஒட்டு மாங்கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். நெட்டைத் தென்னைக்கு ஆறேழு ஆண்டு வேண்டும். ஐம்பத்தைந்தில் குழி வெட்டினால் ஓய்வு பெற்று வீட்டில் உட்காரும்போது மரம் பலனுக்கு வந்திருக்கும். அப்போதே, எழுபத்தைந்து வயதில் நம் உடம்பு எப்படி இருக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏணி இல்லாமல் எட்டுகிற உயரத்தில் கவாத்துச் செய்து மரத்தை அடக்கி வளர்க்கலாம். குனியாமல் களை பறிக்க இடுப்புயரத்தில் பாத்தி கட்டலாம். மொட்டை மாடியில் வற்றல் காயப்போடப் படியேற முடியாத நாள் வரும் என்பதால் முற்றத்திலோ வாசலிலோ வெயில் விழும் இடம் ஒன்றைக் கட்டடம் மூடாமல் விட்டுவைக்கலாம். பாட்டி காலத்துப் பெரிய பீங்கான் ஜாடி அழகுதான், நிறைந்த ஜாடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அரைக் கிலோ பிடிக்கிற கண்ணாடிப் பாட்டில்கள் பத்து இருந்தால் ஒரே ஆள் ஒவ்வொன்றாக எடுத்துப் புழங்கலாம், ஒன்று கெட்டாலும் ஒன்பது மிஞ்சும்.

அடுத்தது கைப்பழக்கம். வடகத்துக்கு வெங்காயமும் உளுந்தும் எந்தப் பதத்தில் உருட்ட வரும், வற்றலை ஒடித்தால் என்ன சத்தம் வரவேண்டும், ஊறுகாயின் மேல் வெண்மையாகப் பூத்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் ஓய்வு பெற்ற மறுநாள் கற்றுக்கொண்டுவிட முடியாது. விரலுக்குத் தெரிகிற விஷயங்கள் அவை. சொல்லித்தர அம்மாவும் மாமியாரும் இருக்கும்போதே, நம் கண்ணும் கையும் தெளிவாக இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கும்தான் சொல்கிறேன். ஆயுள் முழுக்கத் தட்டின் முன் உட்கார்ந்தே பழகியவர் மனைவியை இழந்த மறுவாரமே எவ்வளவு திகைத்துப்போகிறார் என்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். ஒரு ரசமும் ஒரு தொக்கும் வைக்கத் தெரிந்த மனிதர் அந்தத் துக்கத்தை வேறு விதமாகத் தாங்குகிறார்.

இவ்வளவும் செய்தால் தன்னிறைவு வந்துவிடுமா? கொல்லையில் விளைந்ததை நாமே ஊறவைத்துச் சாப்பிட்டு, யாரிடமும் கைநீட்டாமல் இருந்துவிட முடியுமா? பலருடைய கனவு இதுதான். அந்தக் கனவோடு ஒரு பாட்டில் ஊறுகாயை எடுத்துப் பாருங்கள். எலுமிச்சை நம் மரத்தினுடையது. உப்பு தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உச்சி வெயிலில் யாரோ வாரிக் குவித்தது. மிளகாய் ராமநாதபுரத்து முண்டாக இருக்கலாம், மஞ்சள் ஈரோட்டிலிருந்து வந்திருக்கும், கடுகு ராஜஸ்தானில் விளைந்திருக்கும். எல்லாவற்றையும் தாங்களே விளைவித்துக்கொண்ட ஊர்களுக்குக்கூட உப்பு வெளியிலிருந்துதான் வந்தது. சங்க காலத்திலேயே உமணர்கள் வண்டிகட்டி, காடும் மலையும் கடந்து அதைக் கொண்டுபோனார்கள். தனியாக நிறைந்த வீடு என்று எந்தக் காலத்திலும் ஒன்று இருந்ததில்லை. அப்படியானால் பிற்காலத்தில் நாம் தேட வேண்டிய நிறைவு எது?

இதற்கு நான் கண்ட விடை டெல்டாவில் ஒரு சிற்றூரில் தனியாக இருக்கும் என் அத்தையிடம் இருக்கிறது. எண்பதைத் தாண்டியவர். மார்கழி, தை வாக்கில் கொல்லை நார்த்தையில் காய் முற்றினால் அருவாமணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். காயை இடது கையில் உருட்டிக்கொண்டே வர, அது துண்டாகாமல் சுருள்சுருளாக, நீட்டினால் முழம் இருக்கும்படி நறுக்கப்பட்டு விழும். அந்தச் சுருளின் இடுக்கெல்லாம் உப்பை அடைத்து மறுபடி உருண்டையாகச் சேர்த்து ஜாடியில் அடுக்குவார். நாலைந்து நாளில் அது விட்டிருக்கும் நீரைக் கொட்டுவதில்லை. பகலில் காயை வெயிலில் வைத்து, பொழுது சாய்ந்ததும் அதே நீரில் திரும்பப் போடுவார். நீர் முழுதும் சுண்டியபின் கிடைக்கிற கறுத்த நார்த்தங்காய் எத்தனை வருஷமானாலும் கெடாது. வருஷம் ஏற ஏற ருசியும் ஏறும்.

அத்தைக்கு ரத்த அழுத்தம் உண்டு. நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நார்த்தங்காயின் ஒரு சுருளே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மருத்துவர் அறவே கூடாது என்று சொல்லிவிட்டார், அவரும் நாக்கில் வைப்பதில்லை.

“நீங்க தொடவே கூடாதுன்னு சொல்லியாச்சு, அப்புறம் எதுக்கு அத்தை இவ்வளவு?” என்று கேட்டேன்.

“நான் திங்கறதுக்கா போடுறேன்? மசக்கைக்காரிக்குக் குமட்டுனா யாரு வீட்டுக்கு ஓடி வருவாங்க? காய்ச்ச வந்து வாய் கசக்கிறவனுக்கு எதைக் குடுக்கிறது?” என்றார் நறுக்குவதை நிறுத்தாமல்.

ஊரில் அது நடந்துகொண்டே இருக்கிறது. காய்ச்சல் கண்டவர்கள் வீட்டிலிருந்து கிண்ணத்தோடு வருகிறார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணுக்கு அத்தையே கொடுத்தனுப்புகிறார். அந்த வீடுகளிலிருந்து யாராவது கடைக்குப் போனால் வாசலில் நின்று “பாட்டி, ஏதாச்சும் வேணுமா?” என்று குரல் கொடுக்காமல் போவதில்லை. ஃபேன் ஓடாவிட்டால் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்டூல் போட்டு ஏறுகிறான். ஒருநாள் காலை எட்டு மணிவரை கதவு திறக்காவிட்டால் தெருவே வந்து தட்டும். இதற்கெல்லாம் யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அத்தையும் உதவி கேட்கக் கூச்சப்படுவதில்லை. கொடுக்கிற கை உள்ளவருக்குக் கேட்கிற வாய் கூசாது.

முதுமையில் மனிதரை வாட்டுவது பிறரை அண்டியிருக்க நேர்வது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். பிறந்ததிலிருந்தே நாம் பிறரை அண்டித்தான் வாழ்கிறோம், அது வாட்டியதில்லை. தன்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டு வருவதில்லை என்ற நிலை வரும்போதுதான் வாங்கிக்கொள்கிற ஒவ்வொன்றும் பாரமாகிறது. மகன் அனுப்பும் பணமும் மருமகள் வைக்கும் சோறும்கூடத் தொண்டையில் சிக்குகின்றன. யாருக்கோ தேவைப்படுகிற ஏதோ ஒன்று கையில் இருக்கிறவரை அந்தப் பாரம் இல்லை. அது நார்த்தங்காயாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருவதாக இருக்கலாம், ஒரு கைப்பிடி நல்ல விதையாக இருக்கலாம், சண்டையிட்டு வருகிறவர்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் காதாகவும் இருக்கலாம்.

கை முற்றிலும் ஓய்ந்துபோகும் நாள் எல்லோருக்கும் வரும். நறுக்கவும் முடியாது, வெயிலில் வைக்கவும் முடியாது, சொல்லித்தரப் பேச்சும் வராது. அன்று ஒருவரின் மதிப்புக் குறைந்துவிடாது. அதுவரை அவர் மற்றவர்களுக்குக் கொடுத்து வைத்ததெல்லாம் அன்று அவரைச் சூழ்ந்து நிற்கும். படுக்கையில் கிடப்பவரின் வாயில் கஞ்சியை ஊட்டுகிறவர், அவர் கையால் ஒருகாலத்தில் தின்றவராக இருப்பார். அவர் கொடுத்ததைத் தின்றவர்களில் ஒருவரேனும் வருவார் என்று நான் மனமார நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு உத்தரவாதம் எழுதித்தர யாராலும் முடியாது. ஆனால் எந்தக் காப்பீட்டுப் பத்திரமும் இதைத் தருவதாகச் சொல்வதுகூட இல்லை.

ஆகவே பிற்காலத்துக்கு எடுத்து வைக்கும்போது, எனக்கு மாதம் எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்வியை அவசியம் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, என்னைத் தேடி வருகிறவருக்குக் கொடுக்க அன்று என்னிடம் என்ன இருக்கும் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கான விடையைத் தேடத் தொடங்க வேண்டிய வயது, உடம்பில் வலுவும் மனதில் ஆசையும் வீட்டில் மிச்சமும் இருக்கிற இந்த வயதுதான். மரம் நடுவதும் கைப்பழக்கம் கற்பதும் பக்கத்து வீட்டோடு நாலு வார்த்தை பேசுவதும் இப்போதே ஆரம்பிக்க வேண்டியவை. நமக்கென்று மட்டும் சேர்த்தது நம் தேவையோடு தீர்ந்துபோகும். பிறருக்கென்று சேர்த்து வைத்ததே, கடைசிக் காலத்தில் நம்மைக் கெடாமல் காக்கிற உப்பு.